நீலக்கல்லுள் நிற்கும் நீர்

(மாணவர் மன்றமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவோர் பெரும்பாலும் பெரும்பொருள்களையே பேசுவர். நாட்டைப் பேசுவர், மொழியைப் பேசுவர், மாந்தர் வாழ்வைப் பேசுவர். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயின் நான் இன்று ஒரு தேக்கரண்டி உப்பைப் பற்றிப் பேச வந்துள்ளேன். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளி ஆய்வகத்தில் கழித்தவன் நான். எனக்குத் தெரிந்ததை உங்கள் முன் வைப்பதே முறை. அந்த ஒரு தேக்கரண்டி உப்பு எனக்கு ஒரு கணக்கைக் கற்பித்தது. கணக்கைவிடப் பெரிய ஒன்றையும் கற்பித்தது. இரண்டையும் சொல்வேன்.

இதோ என் கையில் இருப்பது மயில்துத்தம். துரிசு என்றும் இதனைச் சொல்வர். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டித் தருவர். மயிலின் கழுத்து நிறம். கண்ணாடி போன்ற பளபளப்பு. ஓரங்கள் கூர்மையாக வெட்டிவைத்தாற் போன்ற வடிவம். விரலால் தொட்டுப் பாருங்கள்; ஈரம் சிறிதும் இல்லை. தாளில் வைத்து மடியுங்கள்; தாள் நனையாது. ஆனால் நூறு கிராம் மயில்துத்தத்துள் முப்பத்தாறு கிராம் நீர் நிற்கின்றது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே தண்ணீர்! தொட்டால் நனையாத தண்ணீர்! அஃது எங்கே இருக்கின்றது? அதனை எவ்வாறு அளந்தார்கள்? இவ்வினாக்களே இன்றைய பொழிவின் பொருள்.

ஈரம் வேறு, பளிங்குநீர் வேறு

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக் கொள்வோம். மழைக்காலத்தில் அடுக்களையிலுள்ள கறியுப்பு கசிகின்றதே, அது காற்றிலிருந்து ஒட்டிக்கொண்ட ஈரம். அதற்கு அளவு கிடையாது. இன்று சிறிது இருக்கும். நாளை மிகுதியாக இருக்கும். வெயிலில் வைத்தால் போய்விடும். மயில்துத்தத்துள் இருக்கும் நீர் அத்தகையது அன்று. உப்பு பளிங்காகக் கட்டியெழும்போதே, சுவரில் கல்லோடு கல்லாக வைத்துக் கட்டினாற் போல, உப்பின் கூறுகளோடு நீரின் கூறுகளும் வரிசைப்பட்டு அமைகின்றன. அந்நீரை எடுத்துவிட்டால் கட்டடமே சரிந்துவிடும். நீலம் போகும், பளபளப்புப் போகும், வடிவம் போகும், எஞ்சுவது வெண்பொடி. பாடநூலார் இதனைப் படிகநீர் என்பர். பளிங்குநீர் என்பது அதனினும் தெளிவான சொல். நீரைத் தன்னுள் கொண்ட உப்பு நீரேறிய உப்பு; அதனை இழந்தது நீரற்ற உப்பு.

நான் மாணவனாக இருந்த காலத்தில் இதனை ஆங்கிலத்தில்தான் நெட்டுருச் செய்தோம். 'வாட்டர் ஆப் கிரிசுட்டலைசேசன்' என்று ஓதத் தெரிந்த எங்களில் பலர்க்கு, உப்பைச் சூடேற்றும்போது நீலம் ஏன் மறைகின்றது என்று கேட்டால் விடை தெரியாது. சொல் நாவில் இருந்தது. பொருள் நெஞ்சில் இல்லை. பளிங்கைக் கட்டி நிற்கும் நீர் என்று தாய்மொழியில் ஒருமுறை சொல்லியிருந்தால், நீர் போனால் பளிங்கும் போகும் என்பதைச் சிறுவனும் தானே உணர்ந்திருப்பான்.

இந்நீர்க்கு அளவு உண்டு என்றேன். அந்த அளவு மாறாதது. இங்கே கிடைக்கும் மயில்துத்தமாயினும், வேறொரு நாட்டில் ஆக்கிய மயில்துத்தமாயினும், தூயதாயின் நீரின் பங்கு ஒன்றே. இவ்வுண்மைக்கு அடிப்படை இட்டவர் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் புரூசுட்டு. இசுப்பெயின் நாட்டில் பணியாற்றிய காலத்தில் அவர் செம்பின் கரிக்காடி உப்பை ஆய்ந்தார். நிலத்தில் தோண்டியெடுத்ததிலும் ஆய்வகத்தில் ஆக்கியதிலும் செம்பின் பங்கு ஒன்றாகவே இருக்கக் கண்டு 1799 ஆம் ஆண்டு எழுதினார். ஒரு சேர்மத்துள் அதன் கூறுகள் என்றும் ஒரே நிறைத்தகவில் இருக்கும் என்பதே அவர் கொள்கை. பெர்த்தொலே என்னும் பெரும்புலவர் அதனை மறுத்தார். ஆண்டுக்கணக்கில் இருவரும் எழுத்தால் போரிட்டனர். ஆயின் பண்பு குன்றவில்லை. இறுதியில் துலையே தீர்ப்பு வழங்கியது. புரூசுட்டின் கொள்கை நின்றது. அது நின்றதனால்தான் மயில்துத்தத்தில் நீர் எத்தனை விழுக்காடு என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. நாளுக்கொரு விடை வருமாயின் கேள்வியே வீண் அன்றோ?

தாளில் போடும் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தாளில் போடுவது. மற்றொன்று துலையில் காண்பது. இரண்டும் ஒன்றுபட்டால்தான் நாம் உண்மையை அடைந்தோம் எனலாம்.

மயில்துத்தத்தின் ஒரு கூறில் செம்பு அணு ஒன்று. கந்தக அணு ஒன்று. உயிர்வளி அணுக்கள் நான்கு. இவற்றோடு ஐந்து நீர் மூலக்கூறுகள். பள்ளி நூல்கள் ஆக்சிசன் என எழுதுவதையே உயிர்வளி என்கின்றேன். ஐதரசன் என்பதை நீர்வளி என்கின்றேன். அணுநிறைகளை எளிமை கருதி இவ்வாறு கொள்வோம்: செம்பு 63.5, கந்தகம் 32, உயிர்வளி 16, நீர்வளி 1.

உப்பின் பகுதி: 63.5 உடன் 32. அவற்றோடு நான்கு பதினாறு, அறுபத்து நான்கு. கூட்டினால் 159.5.

நீரின் பகுதி: ஒரு நீர் மூலக்கூறில் நீர்வளி இரண்டு, உயிர்வளி ஒன்று, ஆகவே 18. ஐந்து நீர்க்கு 90.

முழு உப்பு: 159.5 உடன் 90, ஆக 249.5.

249.5 பங்கில் 90 பங்கு நீர். தொண்ணூற்றை 249.5 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 36.07. இதுதான் விழுக்காடு. முடிந்தது கணக்கு!

இவ்வளவு எளிய கணக்கிலும் ஆண்டுதோறும் மாணவர் செய்யும் ஒரு பிழை உண்டு. தொண்ணூற்றை 249.5 ஆல் வகுக்காமல் 159.5 ஆல் வகுத்துவிடுவர். 56 விழுக்காடு என்று விடை வரும். நீரேறிய உப்பில் நீரின் பங்கு என்ன என்பது கேள்வி. அவர்கள் கண்டதோ எஞ்சிய உப்புக்கு நீர் எத்தனை பங்கு என்பது. விழுக்காடு என்ற சொல்லைக் கேட்டவுடன் 'எதன் மேல் விழுக்காடு?' என்று வினவப் பழகுங்கள். வட்டிக்கடையிலும் அவ்வினா உதவும். அறிவிப்புத் தாள்களைப் படிக்கும்போதும் உதவும்.

துலையில் காணும் கணக்கு

தாளில் போட்ட கணக்கு, ஐந்து நீர் என்று முன்னரே ஒருவர் சொன்னதை நம்பிப் போட்டது. அந்த ஐந்தைக் கண்டவர் யார்? எப்படிக் கண்டார்? அதற்குத் துலை வேண்டும், தீ வேண்டும், அவை இரண்டினும் மேலாகப் பொறுமை வேண்டும்.

பொற்கொல்லரின் மூசையை ஒத்த சிறிய பீங்கான் கலம் ஒன்றை மூடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறுங்கலத்தைச் சூடேற்றி ஆறவைத்து நிறுங்கள். கலத்திலேயே ஈரம் இருந்தால் அது கணக்கைக் கெடுக்கும். பின்பு பொடித்த மயில்துத்தத்தை இட்டு மீண்டும் நிறுங்கள். இரண்டன் வேறுபாடே உப்பின் நிறை. அடுத்துக் களிமண் குழாய் கோத்த முக்கோணத்தில் கலத்தை அமர்த்தி, மூடியைச் சற்றே திறந்து வைத்து, மெல்லச் சூடேற்றுங்கள். தொடக்கத்திலேயே பெருந்தீ இட்டால் உள்ளிருக்கும் நீர் சீறியெழுந்து பொடியையும் உடன் இழுத்துத் தெறிக்கும். தெறித்துப்போன உப்பும் நீர்க்கணக்கில் சேர்ந்து விடை பெருகிவிடும். நீலம் வெளிறும் வரை மெல்லிய தீ. பின்னர்ச் சற்று வன்மையான தீ. நீலச்சாயல் முற்றும் மறைந்து பொடி வெண்மையாதல் வேண்டும்.

சூடாறும் முன் நிறுத்தல் கூடாது. சூடான கலத்தைச் சுற்றிக் காற்று மேலெழும். துலைத்தட்டை அது தூக்கும். நிறை குறைந்து காட்டும். திறந்த வெளியில் ஆறவைப்பதும் கூடாது. நீரை இழந்த உப்புக்குத் தாகம் மிகுதி! காற்றின் ஈரத்தை அள்ளிப் பருகித் தன் பழைய நீலத்துக்குத் திரும்பத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இந்த ஆய்வைச் செய்தவர்க்கு இது நன்கு தெரியும். ஆகவே ஈரத்தை உறிஞ்சும் பொருளை அடியில் இட்டு மூடிய உலர்கலத்துள் வைத்தே ஆற்ற வேண்டும்.

ஆறியபின் நிறுங்கள். அத்தோடு முடியவில்லை. மறுபடியும் சூடேற்றுங்கள், ஆற்றுங்கள், நிறுங்கள். நிறை இன்னும் குறைந்தால் மீண்டும் அவ்வாறே செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு நிறுத்தல்களில் ஒரே நிறை வரும் வரை இதனை விடக்கூடாது. இதற்கு நிலைநிறை காணுதல் என்று பெயர். 'போதும், போயிருக்கும்' என்று மனம் சொல்லும். 'இன்னும் ஒருமுறை பார்' என்று அறிவு சொல்லும். ஆய்வகத்தில் அறிவின் சொல்லே செல்ல வேண்டும்.

என் குற்றம்

இந்த இடத்தில் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளாக நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது அது.

நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது இதே ஆய்வை எங்களுக்குக் கொடுத்தனர். எரிவளி விளக்குகள் சிலவே இருந்தன, முந்திக்கொண்டவர்க்கு அவை. எனக்குக் கிடைத்தது ஒரு சிறிய சாராய விளக்கு. 2.000 கிராம் உப்பை எடுத்துச் சூடேற்றினேன். நீலம் மறைந்தது, மிக வெளிறிய பொடி எஞ்சியது. மூன்று முறை நிறுத்தேன், நிறை மாறவில்லை. குறைந்த நிறை 0.577 கிராம். கணக்கிட்டேன், 28.85 விழுக்காடு வந்தது.

ஏட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரிவுரையாளர் விடையை மட்டும் பார்த்தார். 'முப்பத்தாறு வரவேண்டும், உனக்கு ஏன் இருபத்தெட்டு? கவனமில்லை!' என்று ஏட்டைத் திருப்பியளித்தார். ஏன் இருபத்தெட்டு என்று அவர் கேட்டாரே தவிர, அதற்கு விடை தேட அவர்க்கு நேரம் இல்லை. எனக்கும் துணிவு இல்லை. மணியடிக்கப் பத்து மணித்துளிகளே இருந்தன. பக்கத்து நண்பனின் ஏட்டைப் பார்த்தேன். பின்னர் 0.577 என்பதை அழித்தேன், 0.722 என்று எழுதினேன். 36.1 விழுக்காடு! ஏட்டில் பாராட்டுக் குறியும் விழுந்தது.

நான் கண்டது ஒன்று. கண்டதாக எழுதியது மற்றொன்று. என் கை நிறுத்த நிறையை என் கையே அழித்தது. அன்று யார்க்கும் தீங்கு நேரவில்லை. எனக்கு மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அந்த இருபத்தெட்டு அடிக்கடி என் கனவில் வந்து, 'என்னை ஏன் அழித்தாய்?' என்று கேட்பது போல் இருக்கும்.

அந்த மாணவி

ஆண்டுகள் உருண்டன. நான் மேனிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன் ஆனேன். ஒருநாள் இதே ஆய்வு. எங்கள் பள்ளியிலும் வசதி குறைவே; மணல் பரப்பிய தட்டின்மேல் கலங்களை வைத்துச் சிறு விளக்கால் சூடேற்றினர் மாணவர். வகுப்பு முடியும் நேரம் எல்லா ஏடுகளிலும் முப்பத்தாறு, முப்பத்தாறு என்று வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு மாணவியின் ஏட்டில் மட்டும் 28.8 என்று இருந்தது.

'என்னம்மா இது?' என்றேன். 'ஐயா, எனக்கு இதுதான் வந்தது. மூன்று தடவை நிறுத்தேன்; மாறவில்லை' என்றாள். 'மற்றவர்க்கெல்லாம் முப்பத்தாறு வந்திருக்கின்றதே?' என்றேன். அவள் தலை குனிந்தாள். ஆனால் சொன்னாள்: 'அவர்களுக்கு வந்ததை நான் எப்படி ஐயா எழுதுவது?'

பெருமக்களே! அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் எழுதினேனே! என்னால் முடிந்ததே! பதினாறு அகவைச் சிறுமிக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லாமற் போயிற்றே! அவள் ஏட்டை மேசைமேல் வைத்து, 'உட்காரம்மா. இந்த இருபத்தெட்டு என்ன சொல்கின்றது என்று பார்ப்போம்' என்றேன். என் விரிவுரையாளர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

ஐந்தாம் நீர்

அவள் எண்கள் இவை. வெறுங்கலம் 20.150 கிராம். உப்போடு 23.150 கிராம். ஆகவே உப்பு 3.000 கிராம். சூடேற்றி ஆற்றியபின் 22.286 கிராம். குறைந்தது 0.864 கிராம். 0.864 ஐ 3.000 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 28.8.

இனி அணுக்கணக்கு. மூன்று கிராம் உப்பை 249.5 ஆல் வகுத்தால் 0.0120. இழந்த நீர் 0.864 கிராமைப் பதினெட்டால் வகுத்தால் 0.0480. இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். சரியாக நான்கு!

மூன்றரை அன்று, நாலேகால் அன்று, நான்கு. பிழையாகச் செய்த ஆய்வில் இப்படி முழு எண் வருமா? கைதவறித் தெறித்ததாலோ கவனமின்மையாலோ வந்த எண்ணாயின் அஃது எங்கேனும் சிதறி நிற்கும். இது முழு எண்ணில் வந்து நின்றது. ஐந்து நீரில் நான்கு வெளியேறிவிட்டன. ஒன்று மட்டும் உள்ளே நிற்கின்றது! அவள் கலத்தில் எஞ்சியது நீரற்ற உப்பு அன்று. ஒரு நீர் கொண்ட உப்பு. அதன் வெளிறிய நிறத்தை உற்றுநோக்கினோம். அருகிருந்த வெண்தாளோடு ஒப்பிட, மிக மெல்லிய நீலச்சாயல் இன்னும் இருந்தது.

இதன் கரணியம் இது. மயில்துத்தத்துள் எல்லா நீரும் ஒரே பிடிப்பில் இல்லை. 1934 ஆம் ஆண்டு பீவர்சு, இலிப்சன் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஊடுகதிர் கொண்டு இப்பளிங்கின் உள்ளமைப்பைக் கண்டறிந்தனர். ஒவ்வொரு செம்பையும் நான்கு நீர் மூலக்கூறுகள் நெருங்கிச் சூழ்ந்துள்ளன; ஐந்தாவது, செம்பைத் தொடாமல் இடையிடையே வேறு வகைப் பிணைப்பால் நிற்கின்றது. ஐந்து நீரும் ஒரே இடத்தில் இல்லாதது போலவே, சூடேற்றும்போது ஒரே வேளையில் வெளியேறுவதும் இல்லை. முதலில் இரண்டு, பின்னும் இரண்டு எனப் படிப்படியாகவே போகின்றன. ஏறத்தாழ 110 பாகை செல்சியசு வெப்பத்தில் நான்கு போய்விடும். எஞ்சிய ஒன்று 200 பாகையைக் கடந்தால் அன்றி அசையாது. எங்கள் மணல்தட்டும் சிறு விளக்கும் அந்த வெப்பத்தைத் தரவில்லை. அதனால்தான் மூன்று முறை நிறுத்தும் நிறை மாறவில்லை. நிலைநிறை வந்தது உண்மை. ஆனால் அது வழியிலுள்ள படியில் வந்த நிலைநிறை.

சரி பார்க்க வேண்டாவா? அவள் கலத்தையே எடுத்து, பள்ளியில் இருந்த ஒரே எரிவளி விளக்கின் மேல் வைத்து, அடுத்த நாள் வன்மையாகச் சூடேற்றினோம். மட்டும் மீறவில்லை. ஏறத்தாழ 600 பாகையைக் கடந்தால் உப்பே சிதைந்து கருநிறம் கொள்ளும், கந்தகப் புகை எழும், கணக்கெல்லாம் பாழாகும். ஆற்றி நிறுத்தோம். 22.070 கிராம். மொத்தம் குறைந்தது 1.080 கிராம். மூன்றால் வகுத்தால் 36.0 விழுக்காடு! எஞ்சியது 1.920 கிராம். அதனை 159.5 ஆல் வகுத்தால் 0.01204. நீர் 1.080 ஐப் பதினெட்டால் வகுத்தால் 0.0600. தகவு 4.98, அதாவது ஐந்து. அந்த வெண்பொடியில் ஒரு துளி நீர் விட்டேன். 'சுர்' என்று சூடேறி மீண்டும் மயில்நீலம் பூத்தது. அவள் முகமும் பூத்தது.

அன்று மாலை மற்ற மாணவரை அழைத்தேன். 'உங்கள் விளக்கும் இதே விளக்கு; மணலும் இதே மணல்; உங்களுக்கு மட்டும் முப்பத்தாறு எப்படி வந்தது?' என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. நான் அவர்களைத் திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. என் பழைய ஏட்டின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அந்த ஆண்டிலிருந்து ஒரு முறையை வைத்துக்கொண்டேன்: ஆய்வு முடியும் வரை நூலில் உள்ள விடையை யாரும் பார்க்கக்கூடாது, விடைக்கு மதிப்பெண் பாதி, வந்த விடை ஏன் வந்தது என்ற விளக்கத்துக்குப் பாதி.

வயலுக்கும் உடலுக்கும்

'ஐயா, இந்த நீர்க்கணக்கால் ஊருக்கு என்ன பயன்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

நம் நெல்வயல்களில் துத்தநாகக் குறையால் பயிர் பழுப்பேறிக் குன்றுவதுண்டு. எக்டேருக்கு 25 கிலோ துத்தநாகக் கந்தக உப்பு இடுமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறுவர். கடையில் இவ்வுப்பு இரண்டு வகையில் கிடைக்கின்றது. ஒன்று ஏழு நீர் கொண்டது; மற்றொன்று ஒரு நீர் கொண்டது. துத்தநாகத்தின் அணுநிறை 65.4 எனக் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். ஏழு நீர் உப்பில் 287.4 இல் 126 நீர். அஃதாவது ஏறத்தாழ 44 விழுக்காடு. ஒரு நீர் உப்பில் 179.4 இல் 18. அஃதாவது 10 விழுக்காடு. அரசு விதித்த தரப்படி முதல்வகையில் 21 விழுக்காடும் இரண்டாம் வகையில் 33 விழுக்காடும் துத்தநாகம் இருத்தல் வேண்டும். 25 கிலோ ஏழுநீர் உப்பு தரும் துத்தநாகம் 5.25 கிலோ. அதே துத்தநாகத்தை ஒருநீர் உப்பில் பெற 16 கிலோ போதும். உழவர் கிலோ விலையை மட்டும் பார்த்து 'இது மலிவு' என்று வாங்கினால், நீர்க்கு விலை கொடுத்தவர் ஆவார். மாறாக, ஒருநீர் உப்பை 25 கிலோ கொட்டினால் தேவைக்கு மேல் பாதிப்பங்கு மிகுதியாகச் செலவழித்தவர் ஆவார். பையின்மேல் எழுதியுள்ளதைப் படித்து இவ்வொரு வகுத்தலைச் செய்ய ஓர் உழவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்தால், அந்த வீட்டின் பணம் மிஞ்சும்.

அடுத்து மருந்து. அன்னபேதி என்று நாட்டு மருத்துவர் வழங்குவது இரும்பின் கந்தக உப்பு. குருதிச் சோகைக்குத் தரும் மாத்திரைகளில் பலவற்றின் அடிப்பொருள் இதுவே. ஏழு நீர் கொண்ட நிலையில் அதன் எடை 278. அதில் இரும்பு 56. அஃதாவது 20 விழுக்காடு. ஒரு நீர் மட்டும் எஞ்ச உலர்த்தினால் 170 இல் 56; அஃதாவது 33 விழுக்காடு. 60 மில்லிகிராம் இரும்பு வேண்டுமெனில் முதல் வகையில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் தேவை. இரண்டாம் வகையில் ஏறத்தாழ 182 போதும். மருந்தாக்கும் இடத்தில் எவனோ ஒருவன், எத்தனை நீர் கொண்ட உப்பு என்று பாராமல் நிறுத்துவிட்டால்? அல்லது ஆய்ந்து வந்த எண்ணை அழித்து, வரவேண்டிய எண்ணை எழுதிவிட்டால்? அதனை உண்பவள் நம் வீட்டுத் தாயாக இருக்கலாம். மாணவனாக இருந்தபோது 0.577 ஐ 0.722 ஆக்கிய கை, மருந்தாலையில் அமர்ந்தபின் தானாகத் திருந்திவிடும் என்று எண்ணுகின்றீர்களா? எண்ணை மாற்றும் பழக்கம் சிறிய உப்பில்தான் தொடங்குகின்றது.

இன்னும் சில எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். சலவைச் சோடாப் பளிங்கில் பத்து நீர், 63 விழுக்காடு. பேதியுப்பில் ஏழு நீர், 51 விழுக்காடு. முகம் மழித்தபின் தேய்க்கும் படிகாரத்தில் பன்னிரண்டு நீர்; ஏறத்தாழ 46 விழுக்காடு. சிப்சம் என்னும் உறைகளிக்கல்லில் இரண்டு நீர்; 21 விழுக்காடு. இக்கல்லைப் பதமாகச் சுட்டு நீரின் முக்காற்பங்கை மட்டும் போக்கினால் கிடைப்பதே எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடும் வெண்பொடி. நீர் விட்டுக் குழைத்ததும் இழந்த நீரைத் திரும்பப் பெற்றுக் கல்லாக இறுகுகின்றது. முழுவதும் சுட்டுவிட்டால் அவ்வாறு விரைந்து இறுகாது. எவ்வளவு நீர் போக வேண்டும், எவ்வளவு நிற்க வேண்டும் என்ற அளவில்தான் உடைந்த கையின் நலமும் அடங்கியுள்ளது.

முடிவாக

மாணவ இளவல்களே! தங்கைமார்களே! நான் சொல்ல வந்தது இவ்வளவே. நீரின் விழுக்காட்டைக் காண்பது ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். ஒரே நாளில் கற்றுவிடலாம். ஆனால் துலை காட்டிய எண்ணை, அது யார்க்கும் பிடிக்காத எண்ணாக இருந்தாலும், அப்படியே எழுதக் கற்க வாழ்நாள் வேண்டும். எதிர்பாராத எண் வந்தால் அஞ்சாதீர்கள், அழிக்காதீர்கள், 'நீ ஏன் வந்தாய்?' என்று அதனிடமே கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் கைப்பிழையைக் காட்டும், அதுவும் கல்வியே. சிலபோது, அந்த மாணவிக்குக் காட்டியது போல, நூல் சொல்லாமல் விட்ட ஐந்தாம் நீரைக் காட்டும்.

அவள் பின்னர் வேதியியலே பயின்று ஓர் ஆய்வகத்தில் பணியாற்றுகின்றாள். சென்ற ஆண்டு என்னைக் காண வந்தபோது, 'ஐயா, அன்று என் ஏட்டில் ஏன் சிவப்புக்கோடு போடவில்லை?' என்று கேட்டாள். 'அம்மா! அந்த எண்ணை நான் முன்பே ஒருமுறை கண்டிருக்கின்றேன். அன்று அதனைக் காப்பாற்றத் தவறினேன். உன் ஏட்டில் அது பிழைத்துக்கொண்டது' என்றேன்.

உங்கள் ஏடுகளிலும் அஃது அழியாமல் இருக்கட்டும்.